ஃபிளாஷ் இரண்டு, நிழலும் இரண்டு

டெல்டா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை எடுத்துவிட்டு, சொன்ன விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

இவருடைய மாமனார் முப்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தியவர். கடையை மூடியாகிவிட்டது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷமாகச் சகோதரி வீடு வீடாகப் போய்ப் படம் எடுக்கிறார். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கைக்குழந்தைகள், அறுபதாம் கல்யாணம் முடித்த தம்பதிகள். பெண் என்பதால் உள்ளறை வரை கூச்சமில்லாமல் கூப்பிடுகிறார்கள், அதுதான் என் பலம் என்கிறார். கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு 50 எம்.எம். லென்ஸ், ஒரு ஃபிளாஷ்.

ஒரு கல்யாண மண்டபத்தில் சீனியர் ஒருவர் கேமராவின் இரண்டு பக்கமும் கொம்பு முளைத்தாற்போல ஃபிளாஷ் மாட்டிய பிராக்கெட்டோடு நின்றதைப் பார்த்திருக்கிறார். உடனே வளையலை அடகு வைத்து, அதே மாதிரி பிராக்கெட், இன்னொரு ஃபிளாஷ், ஃபிளாஷைத் தள்ளி வைத்தும் எரியவைக்க ஒரு ட்ரிகர் செட் எல்லாம் வாங்கிவிட்டார். "ஒரு ஃபிளாஷில் ஒரு பக்கம் நிழல் விழுகிறது. இரண்டு பக்கமும் வைத்தால் ஒன்றின் நிழலை மற்றது அழித்துவிடும் என்று நினைத்தேன் சார்" என்று எழுதியிருக்கிறார்.

அழியவில்லை. தாத்தா பாட்டியை ஹாலில் சுவரோரம் உட்கார வைத்து எடுத்ததில், ஒவ்வொரு தலைக்கும் இரண்டு நிழல். யாரோ சொன்னார்கள் என்று சுவரிலிருந்து தள்ளி உட்கார வைத்திருக்கிறார். நிழல் இன்னும் வெளியே வந்துவிட்டது. தாத்தாவின் கண்ணாடியில் இரண்டிரண்டு வெள்ளைப் புள்ளி. பாட்டியின் முகம் மாவு பூசினாற்போல. படங்களைப் பார்த்த மூத்த மகன் பாக்கிப் பணத்தை நிறுத்திவிட்டு, கொடுத்த அட்வான்ஸையும் திருப்பிக் கேட்கிறார்.

இப்போது சகோதரிக்கு நாலு கேள்வி. இன்னும் பவர் கூடுதலான ஃபிளாஷ் வாங்க வேண்டுமா? பால் நிற மூடி மாட்டினால் சரியாகுமா? மாமனாருடைய பழைய ஃபிளாஷையும் மூன்றாவதாகச் சேர்க்கலாமா? அந்த வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது?

சகோதரி, நீங்கள் போட்ட கணக்கை நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான். ஃபிலிம் காலம். லேத் பட்டறையில் இரும்புப் பட்டையை வளைத்து, இரண்டு முனையிலும் ஃபிளாஷ் மாட்டிக்கொண்டு, ஊரில் எவனிடமும் இல்லாத சாமான் என்னிடம் இருக்கிறது என்ற மிதப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பிரிண்ட் வரும்வரை எதுவும் தெரியாதே. ஆல்பத்தைப் புரட்டிய பெண்வீட்டுப் பாட்டி நிமிர்ந்து, "ஏன் தம்பி, மாப்பிள்ளைக்கு ஒரு கண்ணுக்கு ரெண்டு முழி இருக்கு?" என்றார். அன்றைக்கு பிராக்கெட்டைக் கழற்றிப் பரணில் போட்டேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று பிற்பாடு தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நிழலை நிழல் அழிக்காது

ராத்திரி கிரிக்கெட் மேட்சில் பவுண்டரிக்குப் பக்கத்தில் நிற்கும் ஃபீல்டரின் காலடியைப் பாருங்கள். பூ இதழ் மாதிரி நாலா பக்கமும் நிழல் விரிந்திருக்கும். எத்தனை விளக்குக் கோபுரமோ அத்தனை நிழல். உங்கள் ஹால் சுவரிலும் அதேதான் நடந்தது. இடது ஃபிளாஷின் நிழல் விழுந்த இடத்தில் வலது ஃபிளாஷின் வெளிச்சம் பட்டு, அது கொஞ்சம் வெளுத்தது. ஒரு கறுப்பு நிழல் இருந்த இடத்தில் இரண்டு சாம்பல் நிழல் வந்தன. அவ்வளவுதான்.

தள்ளி உட்கார வைத்தும் ஏன் வெளியே வந்தது? உங்கள் பிராக்கெட்டின் ஒவ்வொரு கையும் லென்ஸிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாத்தா கேமராவிலிருந்து 2 மீட்டரில். அவருக்குப் பின்னால் அரை அடியில் சுவர் என்றால், நிழல் தலை விளிம்பைத் தாண்டிச் சுமார் 2 செ.மீ.தான் எட்டிப் பார்க்கும். சுவர் ஒன்றரை மீட்டர் பின்னால் போனால், அதே நிழல் 19 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்துவிடும். கொஞ்சம் மங்கலாக இருக்கும், விளிம்பு சற்று மெத்தென்று இருக்கும், ஆனால் நன்றாகத் தெரியும். உங்களுக்குச் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. வெளிச்சம் மேலிருந்து வந்தால்தான் அந்த யோசனை பலிக்கும். லென்ஸுக்கு நேர் மேலே அதே 25 செ.மீ. உயரத்தில் ஒரே ஃபிளாஷ் இருந்திருந்தால், அந்த 19 செ.மீ. கீழ்நோக்கிப் போயிருக்கும். தலையின் நிழல் கழுத்துக்கும் தோளுக்கும் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். கேமரா கண்ணுக்கே அது பட்டிருக்காது.

முகம் தட்டையானதற்கும் இதே கணக்குதான் காரணம். 2 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு, 25 செ.மீ. தள்ளி இருக்கும் ஃபிளாஷ் லென்ஸிலிருந்து 7 டிகிரிதான் விலகியிருக்கிறது. அதாவது உங்கள் இரண்டு ஃபிளாஷும் அவர் முகத்தைப் பொறுத்தவரை கேமராவிலிருந்தே வருகின்றன. மூக்கு எழும்பித் தெரிய, கன்னத்தில் மேடு பள்ளம் தெரிய, வெளிச்சம் 30 முதல் 45 டிகிரி வரை பக்கத்திலிருந்து வர வேண்டும். அந்த 45 டிகிரியை பிராக்கெட்டிலேயே சாதிக்க வேண்டுமென்றால் 2 மீட்டர் நீளக் கை வேண்டும். நிலைப்படியில் நுழைய முடியாது.

பவர் பற்றிய உங்கள் முதல் கேள்விக்கும் இங்கேயே பதில் வந்துவிடுகிறது. ஒரே அளவுள்ள இரண்டு ஃபிளாஷ் ஒரே இடத்திலிருந்து எரிந்தால் கிடைப்பது கூடுதலாக ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். தூரத்தில் சொன்னால் 1.4 மடங்கு எட்டும், இரண்டு மடங்கு எட்டாது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் உங்களிடம் உள்ள ஒற்றை ஃபிளாஷின் பவரில் பாதியைக்கூட நீங்கள் செலவழிக்கப் போவதில்லை. புதுசு எதுவும் வாங்க வேண்டாம். முதலில் வளையலை மீட்கப் பாருங்கள்.

பால் மூடி விஷயம். நிழலின் விளிம்பு கூராக இருப்பதா மெத்தென்று இருப்பதா என்பதை முடிவு செய்வது, ஆளின் கண்ணுக்கு அந்த விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான். உச்சி வெயிலில் நிழல் கூராக விழுகிறது, மூட்டம் போட்ட நாளில் நிழலே தெரிவதில்லை. சூரியன் மாறவில்லை, வானம் முழுக்க விளக்காகிவிட்டது. ஃபிளாஷின் முகம் ஏழு எட்டு செ.மீ. அகலம். மூடி மாட்டினாலும் ஏறக்குறைய அதே அளவுதான். சின்ன வெள்ளை அறையில் மூடி நன்றாக வேலை செய்வதாகத் தோன்றுவதற்குக் காரணம், அது நாலாபுறமும் வெளிச்சத்தை இறைத்துச் சுவரையும் கூரையையும் விளக்காக்கிவிடுவது. மண்டபத்திலோ மொட்டை மாடியிலோ அதே மூடி பேட்டரியைத் தின்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

அப்படியானால் அந்த சீனியர் ஏன் அதை வைத்திருந்தார்? அவர் இடம் வேறு. மண்டபத்தில் கூரை எட்டாத உயரம், பின்னால் சுவரே பக்கத்தில் இல்லை, நிழல் விழுந்தாலும் எங்கேயோ விழும். தாலி கட்டும் நேரத்தில் ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு ஓடவும் முடியாது. இரண்டு ஃபிளாஷ் இருந்தால் ஒவ்வொன்றும் பாதிப் பவரில் எரியும், அடுத்த ஷாட்டுக்குச் சீக்கிரம் தயாராகும், ஒன்று சொதப்பினாலும் இன்னொன்று இருக்கும். அவருக்கு வேண்டியது உத்தரவாதம். உங்களுக்கு வேண்டியது ஒரு முகம்.

பிராக்கெட் எதற்குப் பிறந்தது

பரணில் போட்டதை நான் மறுபடி எடுத்த கதை இதுதான். பிராக்கெட் என்பது ஃபிளாஷை லென்ஸிலிருந்து விலக்கி மேலே தூக்குவதற்காக வந்த சாமான். கேமராவின் பக்கத்தில் கைப்பிடி போல மாட்டும் மெட்ஸ் 45 வகை ஃபிளாஷை உங்கள் மாமனார் பார்த்திருப்பார், கேட்டுப் பாருங்கள். விழித்திரையில் பட்டுத் திரும்பும் சிவப்பு லென்ஸுக்குள் வராமல் இருக்க அந்த விலகல் உதவியது. அதைவிடப் பெரிய உபயோகம் நிமிர்த்தி எடுக்கும் படத்தில். ஃபிளாஷ் கேமராவின் தலையில் இருக்கும்போது, நின்ற படத்துக்காகக் கேமராவைத் திருப்பினால் ஃபிளாஷ் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஆளின் ஒரு பக்கம் கரிக்கோடு போட்டாற்போல நிழல். கேமராவைத் திருப்பினாலும் ஃபிளாஷ் மேலேயே நிற்கும்படி மடங்கும் பிராக்கெட்டுகள் இதற்காகவே வந்தன.

ஆகவே உங்கள் பிராக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதற்கு இரண்டு வேலை தருகிறேன். சடங்கு நடக்கும்போது, ஸ்டாண்ட் வைக்க இடமில்லாதபோது, ஒரே ஒரு ஃபிளாஷை பிராக்கெட்டின் ஒரு கையில் மாட்டி, அந்தக் கை லென்ஸுக்கு நேர் மேலே வரும்படி வளைத்துக்கொள்ளுங்கள். மற்ற கையைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள். கேமரா, லென்ஸ், இரண்டு ஃபிளாஷ், எட்டு பேட்டரி, பிராக்கெட் எல்லாம் சேர்த்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். அதை மூன்று மணி நேரம் மணிக்கட்டில் தாங்கினால் சாயங்காலம் காபி டம்ளர் பிடிக்கக் கை நடுங்கும். இரண்டாவது வேலை குடையோடு வருகிறது.

ஒரு ஃபிளாஷ் கேமராவை விட்டு இறங்கட்டும்

உங்களிடம் ட்ரிகர் இருக்கிறது. அதுதான் நீங்கள் வாங்கியதிலேயே உருப்படியான சாமான். இனி செலவழிப்பதாக இருந்தால் ஏழடி ஸ்டாண்ட் ஒன்று, அதன் மேல் ஃபிளாஷையும் குடையையும் பிடிக்கும் ஒரு தலை, வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைக் குடை ஒன்று. வெளிச்சத்தை மெத்தென்றாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸைவிடக் குடை மலிவு, மடக்கினால் பஸ்ஸில் கொண்டு போகலாம். உங்களுக்கு பஸ் முக்கியம் என்று கடிதத்தில் தெரிகிறது.

தாத்தாவை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், பின்சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி. குடையை அவருக்கு முன்னால் ஒரு பக்கமாக, 45 டிகிரியில், முகத்திலிருந்து நாலு அடியில், கண் மட்டத்தைவிட ஒன்றரை அடி உயர்த்தி, கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஒரு மீட்டர் குடை நாலு அடியில் ஜன்னல் மாதிரி. இப்போது சுவரில் விழும் நிழல் பக்கவாட்டில் வெகுதூரம் போய்ப் படத்துக்கு வெளியே விழும். முகத்தின் மறுபக்கம் இருட்டினால், அந்தப் பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையைச் சாய்த்து வையுங்கள். அட்டை இல்லையா? அவர் வீட்டிலேயே சலவை செய்த எட்டு முழ வேட்டி இருக்கும், நாற்காலி மேல் விரித்துப் போடுங்கள். இரண்டாவது ஃபிளாஷே தேவைப்படாது. நிறைய பேர் இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: வீட்டுப் படத்தில் இரண்டாவது ஃபிளாஷ் சரிசெய்யும் வேலையில் முக்கால்வாசி ஒரு வெள்ளைத் துணியால் முடிந்துவிடும்.

ஆரம்பிக்க ஓர் அளவு வேண்டுமே. ஐஎஸ்ஓ 200, அபெர்ச்சர் 5.6, ஷட்டர் 1/160, ஃபிளாஷ் மேனுவலில் 1/8, அதாவது முழுப் பவரில் எட்டில் ஒரு பங்கு. ஒரு ஷாட் எடுத்துப் பார்த்து, கூடினால் 1/16, குறைந்தால் 1/4. கேமராவே ஃபிளாஷின் அளவை முடிவு செய்யும் டிடிஎல் வேண்டாம். தாத்தா வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கும்போது கேமரா அந்த வெள்ளையை அளந்துவிட்டு வெளிச்சத்தைக் குறைக்கும், அவர் முகம் இருண்டுவிடும். அடுத்த ஷாட்டில் பாட்டியின் அரக்கு நிறப் புடவையை அளந்து வெளிச்சத்தைக் கூட்டும், முகம் வெளுக்கும், ஜரிகை எரிந்துபோகும். பாட்டி மாவு பூசினாற்போல வந்தது இதனாலும்தான். உட்கார்ந்த ஆள் நகரப்போவதில்லை, ஃபிளாஷும் நகரப்போவதில்லை. ஒருமுறை அளவு பிடித்தால் போதும். வெளிச்சத்தை மட்டும் தள்ளி வைக்காதீர்கள். நாலு அடி எட்டடியானால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும்.

அதே அளவில் எடுத்தால் பின்னால் இருக்கும் அறை குகை மாதிரி கறுத்துவிடும். தனி முகத்துக்கு அது அழகு, வளைகாப்புக்கு ஆகாது. அடுக்கி வைத்த சீர்த்தட்டும் தோரணமும் தெரிய வேண்டாமா? அறையின் வெளிச்சம் ஷட்டரின் கையில் இருக்கிறது. ஃபிளாஷ் கண்ணிமைப்பதற்குள் எரிந்து அணைந்துவிடுவதால் ஷட்டரை நிதானமாக்கினால் ஃபிளாஷ் வெளிச்சம் அதிகமாகாது, அறை வெளிச்சம்தான் அதிகமாகும். ஷட்டரை 1/30-க்கு இறக்கி, ஐஎஸ்ஓவை 800 ஆக்கி, ஃபிளாஷை 1/32-க்குக் குறைத்துப் பாருங்கள். அப்போது விளக்கின் நிறத்தைக் கவனிக்க வேண்டியிருக்கும். நம் வீட்டு வெள்ளை டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின், ஃபிளாஷ் 5500-ஐ ஒட்டி இருக்கும். அந்த வித்தியாசம் கண்ணை உறுத்தாது. பூஜையறை மஞ்சள் பல்புதான் உறுத்தும். அதை அணைத்துவிடுங்கள், அல்லது ஃபிளாஷ் முகத்தில் ஜெல் எனப்படும் ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாளை ஒட்டுங்கள்.

குடை விரிக்கவே இடமில்லாத வீடுகள் உண்டு. அங்கே ஃபிளாஷ் தலையைத் திருப்பி, ஆளுக்குப் பக்கத்திலும் கொஞ்சம் முன்னாலும் இருக்கும் சுவரில் அடியுங்கள், அந்தச் சுவரே விளக்காகிவிடும். ஆனால் நம் ஊரில் ஹால் பச்சை, படுக்கையறை ரோஸ். பச்சைச் சுவரில் அடித்தால் முகம் பச்சையாகத்தான் வரும், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அழ வேண்டியதுதான். அதே வேட்டியைச் சுவரில் பிடிக்கச் சொல்லி அதில் அடியுங்கள். கூரை வெள்ளையாகப் பத்தடியில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், நேர் மேலே அடித்தால் மட்டும் கண்ணுக்குக் கீழே குழி விழும். ஓட்டு வீட்டிலும் மெட்ராஸ் டெரஸ் வீட்டிலும் கூரையை மறந்துவிடுங்கள்.

கண்ணாடி போட்டவரைப் பற்றி. கண்ணாடியில் பட்ட வெளிச்சம் வந்த கோணத்திலேயே எதிர்ப்பக்கம் திரும்பும். உங்கள் இரண்டு ஃபிளாஷும் லென்ஸை ஒட்டி இருந்ததால் இரண்டும் லென்ஸுக்கே திரும்பின. குடையை இன்னும் அரை அடி உயர்த்துங்கள், முகத்தைக் குடை இருக்கும் பக்கத்துக்கு எதிராகக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள். அதற்கும் போகவில்லை என்றால், கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேலே ஒரு நூலளவு தூக்கிவிடுங்கள். கண்ணாடி கீழே சாயும், புள்ளி காணாமல் போகும். தாத்தாவிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்ல வேண்டாம், அவர் முகத்தில் பாதி அந்தக் கண்ணாடிதான்.

"கறுப்பாத் தெரியாம எடுத்துக் கொடுங்க என்று கேட்கிறார்கள், அதனால் ஒரு ஸ்டாப் கூட்டி வைக்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கறுத்த தோலில் சின்ன ஃபிளாஷை நேராக அடித்தால் நெற்றியிலும் மூக்கிலும் வியர்வை மட்டும் பளபளக்கும், மற்ற இடம் சாம்பலாகும். நீங்கள் ஒரு ஸ்டாப் கூட்டியது அந்தச் சாம்பலைத்தான் அதிகமாக்கியது. அதே முகத்துக்குப் பக்கத்திலிருந்து பெரிய வெளிச்சம் கொடுத்துப் பாருங்கள். கன்ன எலும்பில் எண்ணெய் தேய்த்த தேக்கு மாதிரி நீளமாக ஓர் ஒளி ஓடும். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நிறத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். எடுப்பதற்கு முன் டிஷ்யூவால் முகத்தை ஒற்றியெடுங்கள், அழுத்தித் துடைக்கக் கூடாது. பவுடர் அப்பிக்கொண்டு வருபவர்களிடம் பக்குவமாகச் சொல்லி ஒற்றிவிடுங்கள், ஃபிளாஷில் அது விபூதி பூசினாற்போலத் தெரியும்.

இப்போது பிராக்கெட்டின் இரண்டாவது வேலை. பத்துப் பேர் நிற்கும் குடும்பப் படத்துக்குக் குடையை எட்டு ஒன்பதடி பின்னால் கொண்டுபோக வேண்டும். ஆட்கள் இரண்டு வரிசையில் நிற்பதால் அபெர்ச்சரை 8 வைக்க வேண்டும். ஐஎஸ்ஓ 400-இலும் ஒரு ஃபிளாஷ் ஏறக்குறைய பாதிப் பவரில் எரிய வேண்டிவரும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூச்சு வாங்கும், குழந்தை அதற்குள் ஓடிவிடும். அங்கேதான் பிராக்கெட்டைக் கேமராவிலிருந்து கழற்றி ஸ்டாண்ட் தலையில் திருகி, இரண்டு ஃபிளாஷையும் ஒட்டி வைத்து ஒரே குடைக்குள் அடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் 1/4-இல் எரிந்தால் போதும், சட்டென்று தயாராகிவிடும். இரண்டும் ஒரே குடை வழியாக வருவதால் நிழல் ஒன்றுதான், கண்ணில் புள்ளியும் ஒன்றுதான்.

பிராக்கெட்டின் முனையில் இருக்கும் ஷூ வெறும் பிடிமானம், அதற்குள் கம்பி கிடையாது. ஃபிளாஷைச் செருகினால் தானாக எரியாது. இரண்டுக்கும் தனித்தனி ட்ரிகர் ரிசீவர் வேண்டும், அல்லது ஒன்றை மற்றதன் வெளிச்சம் பார்த்து எரியும்படி எஸ்1-இல் வையுங்கள். வீட்டில் இது போதும். மண்டபத்தில் எஸ்1 வைத்தால் அடுத்தவர் ஃபிளாஷுக்கெல்லாம் உங்களுடையது எரிந்துகொண்டிருக்கும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஸ்டாண்ட் ஒரு ஆபத்து. குடை விரித்த ஸ்டாண்ட் மின்விசிறிக் காற்றுக்கே சாயும், தவழும் குழந்தை காலைப் பிடித்து இழுத்தால் கேட்கவே வேண்டாம். அஞ்சு கிலோ அரிசிப் பையை ஸ்டாண்ட் காலில் தொங்கவிடுங்கள். மணல் மூட்டை தேடிப் போக வேண்டியதில்லை, எந்த வீட்டிலும் அரிசி இருக்கும்.

மாமனாரின் ஃபிளாஷ்

இதைக் கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்களே, நல்லது. பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றில், கேமராவைத் தொடும் நடுமுனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். அந்தக் காலத்துக் கேமராவில் அது வெறும் உலோகத் தொடர்பு, தாங்கியது. இன்றைய டிஜிட்டல் கேமராவில் அந்த இடத்தில் இருப்பது எலக்ட்ரானிக் சர்க்யூட். 24 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவையும் உண்டு. ஒய் வடிவ வயர் போட்டுப் புது ஃபிளாஷோடு பழையதையும் சேர்த்தால், அந்த வோல்ட் உங்கள் கேமராவுக்கும் புது ஃபிளாஷுக்கும் சேர்ந்தே போகும். கேமரா செத்தால் வாரண்டி பேசவும் முடியாது.

பேட்டரி போட்டு ரெடி விளக்கு எரிந்ததும், மல்டிமீட்டரை டிசியில் வைத்து நடுமுனைக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே அளக்கலாம். 5, 6 வோல்ட் காட்டினால் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் கேமராவின் பக்கமே கொண்டுவராதீர்கள். பழுது பார்க்கிறேன் என்று யாரும் திறக்கவும் கூடாது, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட் அளவுக்குத் தேக்கி வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அடிக்கும். அந்த ஃபிளாஷை ஷோகேஸில் வையுங்கள், மாமனாருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

பாக்கிப் பணமும் படத்தின் உரிமையும்

நான் வக்கீல் இல்லை, தொழிலில் அடிபட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலை சேவை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் செய்ய அவருக்கு வழி இருக்கிறது. போய் வந்த செலவையும் உழைப்பையும் கேட்க உங்களுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் எழுதி வைத்தது எதுவும் இல்லாதபோது இரண்டு பேருடைய வாதமும் வெறும் வாய்ப்பேச்சு. சின்ன ஊரில் வழக்கைவிட வாய்ச்சொல்தான் உங்களை அதிகம் பாதிக்கும். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், இலவசமாக மறுபடி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள். இனிமேல் வாட்ஸ்அப்பிலாவது நாலு வரி எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கிய பிறகு வேலையை ஆரம்பியுங்கள்: எத்தனை படம், எவ்வளவு பணம், எப்போது தருவது, பிடிக்காவிட்டால் என்ன செய்வது.

இன்னொன்றும் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். "நான் எடுத்த படம் எனக்குத்தானே சொந்தம், அதனால் இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறேன்" என்று. வீட்டுக்காரர் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, முதல் உரிமையாளர் அவர்தான். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மஞ்சள் நீராட்டுப் பெண் பிள்ளையின் படத்தைப் போடுவதற்குச் சட்டத்துக்கும் மேலே ஒரு யோசனை வேண்டும். இன்றைக்கே அவற்றை எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால் அந்த நாலு வரியில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்து, அனுமதி கேட்டு வாங்கிப் போடுங்கள்.

அந்தத் தாத்தா பாட்டி வீட்டுக்கு மறுபடி போகும்போது சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள். வீட்டில் முற்றம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஹால் சுவரை விட்டுவிட்டு, முற்றத்தை ஒட்டிய நடையில் இரண்டு பேரையும் உட்கார வையுங்கள், முற்றம் அவர்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். முதல் பத்து படம் ஃபிளாஷே இல்லாமல் அந்த வெளிச்சத்தில் எடுங்கள். பிறகு குடையை முற்றம் இருக்கும் அதே பக்கத்தில், முற்றத்து வெளிச்சத்துக்குத் துணையாக நிறுத்தி இன்னொரு பத்து எடுங்கள். மூத்த மகனைச் சும்மா நிற்கவிடாதீர்கள். வேட்டியை அவர் கையில் கொடுத்து, மறுபக்கம் விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.